இலை போட்டு எழுப்பிவிட்டார்கள்

2025 ஜூன் 11 அன்று ஃபுல்பிரைட் உதவித்தொகைக் குழுவின் 12 உறுப்பினர்களில் 11 பேர் ஒன்றாகப் பதவி விலகினார்கள். அமெரிக்காவுக்கும் உலகின் பிற நாடுகளுக்கும் இடையே பேராசிரியர்களும் மாணவர்களும் போய்வரும் திட்டங்களில் மிகப் பெரியதன் தலைமைக் குழு அது. ஒரே நாளில் அது கிட்டத்தட்டக் காலியானது.

அவர்கள் சொன்ன காரணம் எளியது. தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களை அரசு தடுத்துவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகவிருந்த அமெரிக்கப் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் ஏறத்தாழ 200 பேர். அவர்களுக்கான தேர்வு முடிந்திருந்தது. ஏற்புக் கடிதம் போக வேண்டியதுதான் பாக்கி. மறுப்புக் கடிதம் போனது.

இது நிர்வாகத் தவறு அல்ல. தெரிந்தே செய்த வாக்கு மீறல். இதைச் செய்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஃபுல்பிரைட் நல்கை ஒன்று எப்படிக் கிடைக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். விண்ணப்பத்தில் ஆய்வுத் திட்டம் இருக்க வேண்டும். பல நல்கைகளுக்கு, போக விரும்பும் நாட்டில் ஒரு பல்கலைக்கழகத் துறை அழைப்புக் கடிதமும் தர வேண்டும். ஆய்வுப் பொருளில் தேர்ந்த அறிஞர்கள் விண்ணப்பத்தைப் படித்து மதிப்பிட வேண்டும். பிறகு அந்த நாட்டிலுள்ள ஃபுல்பிரைட் அமைப்போ அமெரிக்கத் தூதரகமோ பார்க்க வேண்டும். கடைசியில்தான் தலைமைக் குழு. இதற்கெல்லாம் ஓராண்டு பிடிக்கிறது.

அந்த ஓராண்டில் எதிர்முனையிலும் வேலை நடக்கிறது. துறைத் தலைவர் பாடவேளையை ஒதுக்குகிறார். துணைவேந்தர் அலுவலகத்தில் கோப்பு நகர்கிறது. விருந்தினர் விடுதியில் அறை சொல்லி வைக்கிறார்கள். முனைவர் பட்ட மாணவர் ஒருவர், அந்தப் பேராசிரியர் வரட்டும் என்று தன் ஒரு இயலைத் தள்ளி வைத்துக் காத்திருக்கிறார். விருந்தாளிக்கு இலை போட்டாயிற்று. அப்போது வந்து எழுப்பிவிடுகிறார்கள்.

எழுப்பப்பட்டவர்களின் துறைகளைப் பதவி விலகிய குழு தன் அறிக்கையில் சொன்னது. உயிரியல், பொறியியல், கட்டடக் கலை, வேளாண்மை, பயிர் அறிவியல், கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், மருத்துவம், இசை, வரலாறு. இவற்றில் எது அமெரிக்காவுக்கு ஆபத்து? பயிர் அறிவியலா? கால்நடையா?

தகுதி பார்த்துத் தள்ளியிருந்தால் அதைச் செய்யத் தகுதியுள்ளவர்கள் செய்திருக்க வேண்டும். தகுதியுள்ளவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அவர்கள் சரி என்றதை வெளியுறவுத் துறையின் அலுவலகம் ஒன்று இல்லை என்றது. ஆய்வின் தலைப்பைப் பார்த்துத் தள்ளியது. தலைப்பைப் படிப்பவருக்கு ஆய்வைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு பக்கம், பிற நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கு வரத் தேர்வான சுமார் 1,200 பேர். அவர்களையும் மறு சோதனைக்கு உட்படுத்தியது அதே துறை. அந்தச் சோதனைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று குழு சொன்னது. துறை கேட்கவில்லை. 1,200 பேர் தத்தம் ஊரில் வேலையை விடுவதா, வீட்டைக் காலி செய்வதா, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை வாங்குவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு வெளியுறவுத் துறை தந்த விடை குற்றத்தைவிட மோசமானது. பதவி விலகலை அரசியல் நாடகம் என்றது. அதிபரின் ஆணைகளோடு ஓர் ஆய்வு ஒத்துப்போகிறதா என்று தீர்மானிப்பதில் இந்தக் குழுவுக்கு இறுதி உரிமை உண்டு என நினைப்பதே நகைப்புக்குரியது என்றது.

அந்த விடையை மீண்டும் படியுங்கள். மறுப்பு அதில் இல்லை. ஒப்புதல் இருக்கிறது. ஆய்வு நன்றாக இருக்கிறதா என்பது இனி கேள்வி அல்ல. ஆள்பவருக்கு உகந்ததா என்பதே கேள்வி. இதை ஒரு அரசுத் துறை வெட்கமின்றி எழுதித் தந்திருக்கிறது.

குழுவினர் முந்தைய அதிபர் பைடன் அமர்த்தியவர்கள், ஆகவே இது கட்சிச் சண்டை என்று சிலர் கிளம்பினார்கள். குழுவை அமர்த்தும் வேலையைச் சட்டமே அதிபரிடம்தான் கொடுத்திருக்கிறது. எந்த அதிபர் அமர்த்தினாலும் தேர்வு செய்வது குழுவின் பொறுப்பு. 1961இன் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் குழுவை வைத்திருப்பது அதற்காகத்தான். வேறு எதற்காக 12 பேர் கொண்ட ஒரு குழு? தேநீர் குடிக்கவா?

ஜூன் மாதக் கூத்து திடீரென்று வந்ததல்ல. பிப்ரவரியிலேயே ஒத்திகை நடந்தது. 2025 பிப்ரவரி 12 அன்று வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான பணப் பட்டுவாடாவை நிறுத்தியது. 15 நாள் என்றது. 15 நாள் கடந்தும் பணம் வரவில்லை. வெளிநாட்டில் இருந்தவர்களும் அடுத்த சில மாதங்களில் கிளம்பவிருந்தவர்களுமாக 12,500க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பாதிக்கப்பட்டதாக ஃபுல்பிரைட் சங்கம் கணக்குச் சொன்னது.

தெரியாத ஊரில், மொழி புரியாத தெருவில், வாடகை கொடுக்க வேண்டிய தேதியில் ஒரு மாணவருக்கு உதவித்தொகை நிற்கிறது. அனுப்பியது அவருடைய சொந்த அரசு. நிறுத்தியதும் அதே அரசு. மேலிருக்கும் எவருடைய சம்பளமும் அந்த மாதம் நிற்கவில்லை.

பிறகு மே மாதம். 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் முன்மொழிவில் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டங்களுக்கு வெட்டக் கேட்ட தொகை 69.1 கோடி டாலர். அந்தத் தலைப்பில் அதற்கு முன் இருந்த மொத்தமே 74.1 கோடி. மிச்சம் வைத்தது 5 கோடி. இதற்குப் பெயர் சிக்கனமாம்.

சிக்கனக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஃபுல்பிரைட் திட்டத்துக்கு அமெரிக்கா ஆண்டுக்கு ஒதுக்கி வந்தது 28 கோடி டாலருக்குச் சற்று மேல். அந்தப் பணத்தில் நான்கு எஃப்-35 போர் விமானங்கள் வாங்க முடியாது. 160 நாடுகளோடு நடக்கும் பரிமாற்றம் நான்கு விமானங்களின் விலைக்குக் கீழே நடக்கிறது. இதில் மிச்சம் பிடித்து எந்தக் கடனை அடைக்கப் போகிறார்கள்?

திட்டம் பிறந்ததே போர்ச் சரக்கை விற்ற காசில். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கப் படை வெளிநாடுகளில் விட்டுவிட்டுப் போன வண்டிகளும் தளவாடங்களும் மலையாகக் கிடந்தன. அவற்றை வாங்கிய நாடுகளிடம் கொடுக்க டாலர் இல்லை. அர்கன்சா மாநிலத்தின் செனட் உறுப்பினர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் 1945இல் ஒரு வழி சொன்னார். அந்தந்த நாட்டுப் பணத்திலேயே கொடுங்கள், அதை மாணவர்கள் போய்வரச் செலவிடுவோம் என்றார். 1946 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். முதல் ஒப்பந்தம் 1947இல் சீனாவோடு. இரண்டாவது பர்மாவோடு. இந்தியாவோடு 1950 பிப்ரவரி 2 அன்று. இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் நேரு. இலங்கையோடு 1952இல்.

துப்பாக்கி விற்ற காசில் புத்தகம் வாங்கிய ஏற்பாடு அது. இன்று அதைத் தலைகீழாக்கப் பார்க்கிறார்கள்.

தலையிட முயன்றவர்கள் முன்பும் இருந்தார்கள். 1953இல் செனட் உறுப்பினர் ஜோசப் மெக்கார்த்தி இந்தத் திட்டத்தில் கம்யூனிஸ்டுகள் நுழைந்துவிட்டதாகக் கிளப்பினார். ஃபுல்பிரைட் விசாரணையில் அவருக்கு நேருக்கு நேர் நின்று பதில் சொன்னார். 1954இல் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுவுக்கு நிதி ஒதுக்கும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஒரே செனட் உறுப்பினர் அவர்தான். அதே மனிதர் 1956இல் வெள்ளையர் பள்ளிகளில் கருப்பினக் குழந்தைகளைச் சேர்ப்பதை எதிர்த்த தென் மாநில அறிக்கையிலும் கையெழுத்திட்டார் என்பதையும் நாம் மறக்கவில்லை. அவருக்குச் சிலை வைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மெக்கார்த்தியால் முடியாததை இந்த நிர்வாகம் ஓர் அலுவலகக் கடிதத்தில் செய்துவிட்டது என்பதைச் சொல்கிறோம்.

இன்றைய அதிபரின் இதே கை, அவருடைய முதல் ஆட்சியில், 2020 ஜூலையில் சீனாவுடனும் ஹாங்காங்குடனும் இருந்த ஃபுல்பிரைட் திட்டத்தை ஓர் ஆணையில் நிறுத்தியது. 1947இல் முதல் கையெழுத்துப் போட்ட நாட்டோடு அந்த உறவு அப்படி முடிந்தது. அன்று உலகம் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்காததன் விலை இது.

வாஷிங்டனில் நடப்பதில் நமக்கென்ன என்று கேட்பவர்கள் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கட்டும்.

1959இல் ஃபுல்பிரைட் உதவியோடு இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு மொழியியல் படிக்கப் போனவர் ஏ.கே. ராமானுஜன். மைசூரில் பிறந்த தமிழர். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1967இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூல் வெளிவந்தது. சங்கக் கவிதை என்ற ஒன்று இருக்கிறது என்று ஆங்கில வாசகர் உலகத்தில் பலருக்கு முதலில் சொன்னது அந்த நூல். அன்று ஒரு அலுவலர் அவருடைய ஆய்வுத் தலைப்பைப் பார்த்து மறுப்புக் கடிதம் அனுப்பியிருந்தால்?

சிகாகோவில் தமிழ் நூல்கள் சேர்ந்த கதையும் இதோடு தொடர்புள்ளதுதான். பி.எல். 480 சட்டத்தின் கீழ் இந்தியா அமெரிக்கக் கோதுமை வாங்கியது. ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாயின் ஒரு பகுதியில் 1962 முதல் இந்திய மொழி நூல்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நம் ஊர் நூலகத்தில் கரையான் தின்ற நூல்களைத் தேடி நம் ஆய்வாளர்களே அமெரிக்க நூலகப் பட்டியலைப் புரட்டுவது இதனால்தான். இது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல. ஆனால் உண்மை.

மதுரையில் அமெரிக்க மாணவர்கள் தங்கித் தமிழ் படிக்கிறார்கள். இந்தியவியல் ஆய்வுக்கான அமெரிக்க நிறுவனம் அந்த வகுப்புகளை நடத்துகிறது. இப்படி வருகிறவர்களைத் தயாரிப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தெற்காசியத் துறைகள். அந்தத் துறைகளுக்குப் பணம் வந்த வழி 1958இன் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். ஸ்புட்னிக் விண்ணில் ஏறிய மறு ஆண்டு போட்ட சட்டம். உலகின் மொழிகளைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நாட்டுக்கு ஆபத்து என்று அன்றைய அமெரிக்கா நினைத்தது. 2025இல் அமெரிக்கக் கல்வித் துறை அயல்மொழிக் கல்விக்கான தன் அலுவலகத்தில் இருந்தவர்களை மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பியது. முனைவர் பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் கள ஆய்வு செய்யப் பணம் தந்த ஃபுல்பிரைட்-ஹேஸ் போட்டியை அந்த ஆண்டு ரத்து செய்தது.

ஒரு மொழித் துறையை மூடுவதற்கு ஒரு நிதியாண்டு போதும். திறப்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும். தமிழ் சொல்லித்தரும் விரிவுரையாளர் வேறு வேலைக்குப் போய்விட்டால் நிதி திரும்பி வரும்போது வகுப்பு திரும்பி வராது. இதைத் தெரியாதவர்கள் கையில் கத்தரி இருக்கிறது.

அயல்நாட்டார் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள், அதனால்தான் சோதிக்கிறோம் என்பது இன்னொரு வாதம். ஃபுல்பிரைட்டில் போகிறவர்களுக்கு ஜே-1 விசா. படிப்போ ஆய்வோ முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டாண்டு இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் குடியேற்ற விசாவுக்கோ எச்-1பி விசாவுக்கோ போக முடியும். திரும்பிப் போவதைக் கட்டாயமாக்கிய திட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போக மாட்டார்கள் என்கிறார்கள். தங்கள் விதியைத் தாங்களே படிக்காதவர்கள்.

போனவர்கள் திரும்பி வந்து என்ன செய்தார்கள் என்பதற்குச் சாட்சி ஏராளம். வங்கதேசத்தின் முகமது யூனுஸ் 1965இல் இதே திட்டத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் போனவர். எகிப்தின் பூட்ரோஸ் பூட்ரோஸ் காலி கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தவர். பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளர் ஆனார். நோபல் பரிசு பெற்றவர்கள் 60 பேருக்கு மேல் இந்தத் திட்டத்தின் வழியே வந்தவர்கள். நாடுகளின் தலைவர்களானவர்கள் 40க்கு மேல்.

இனி தில்லிக்கு.

2008இல் இந்தியா புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அன்று முதல் இது அமெரிக்கா போடும் பிச்சை அல்ல. செலவிலும் நிர்வாகத்திலும் இந்தியா சம பங்காளி. அதனால்தான் ஃபுல்பிரைட் பெயருக்குப் பக்கத்தில் நேரு பெயர் சேர்ந்தது. சம பங்காளியைக் கேட்காமல் ஒரு பங்காளி தேர்வுப் பட்டியலில் கை வைக்கிறார். சம பங்காளி என்ன செய்ய வேண்டும்? கேட்க வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும். எத்தனை இந்தியர்கள் மறு சோதனைக்கு உள்ளானார்கள்? இந்தியாவுக்கு வரவிருந்த எத்தனை அமெரிக்கர்கள் தடுக்கப்பட்டார்கள்? எந்தப் பல்கலைக்கழகங்கள் ஏமாந்தன? நம் காதுக்கு எட்டும்படி எவரும் கேட்கவில்லை.

வணிக வரி என்றால் பேச்சுவார்த்தைக் குழு விமானம் ஏறுகிறது. இறால் ஏற்றுமதிக்குக் குரல் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். அறிஞர்களுக்குக் குரல் கொடுக்க எந்த அமைச்சகத்தில் ஆள் இருக்கிறது?

கேட்கத் தயங்குவதற்குக் காரணம் தெரிந்ததுதான். இந்தியாவின் கையும் சுத்தமாக இல்லை. இந்தி இலக்கிய ஆய்வுக்காக உலகம் அறிந்த லண்டன் பேராசிரியர் பிரான்செஸ்கா ஒர்சினியை 2025 அக்டோபரில் தில்லி விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பியது இந்த அரசு. நம் மொழியைப் படிக்க வாழ்நாளைக் கொடுத்தவருக்கு வாசலிலேயே கதவு சாத்தப்பட்டது. தன் வாசலில் இப்படி நடந்துகொள்கிறவர் பக்கத்து வீட்டு வாசலைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவார்?

நம் பல்கலைக்கழகங்களையும் விட்டுவிட முடியாது. புரிந்துணர்வு ஒப்பந்தம், அதாவது எம்ஓயு என்ற மூன்றெழுத்து மந்திரம் அவற்றைப் பிடித்து ஆட்டுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயர்ப்பலகை, இரண்டு கொடி, பொன்னாடை, கோப்பு மாற்றிக்கொள்ளும் நிழற்படம். மறுநாள் நாளிதழில் செய்தி. அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். எத்தனை மாணவர் போவார், யார் பணம் தருவார், எந்தக் கணக்கிலிருந்து என்ற வரி இருக்காது. தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது எண்ணிக்கை காட்டப் போட்ட ஒப்பந்தத்தில் நிதிக்கு இடம் எதற்கு?

மத்திய அரசிடம் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2015இல் தொடங்கிய கியான் திட்டம் வெளிநாட்டுப் பேராசிரியரை ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் வகுப்பெடுக்கக் கூட்டி வருகிறது. ஒரு வாரத்துக்கு 8,000 டாலர், இரண்டு வாரத்துக்கு 12,000 டாலர். வந்தவர் ஊர் வெயிலுக்குப் பழகுவதற்குள் போய்விடுகிறார். வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டாய்வு செய்ய 2018இல் வந்த ஸ்பார்க் திட்டத்துக்கு 418 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் பெரிய நிறுவனங்கள் பிழைத்துக்கொள்ளும். மாவட்டத் தலைநகரில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறைக்கும் தாவரவியல் துறைக்கும் வெளியுலகத்துக்கு இருந்த கதவு ஃபுல்பிரைட்தான். மற்றவர் வைத்த கதவை நம்பிச் சொந்தக் கதவு வைக்காமல் இருந்த அலட்சியத்துக்கும் ஆட்சியில் இருந்த எல்லோரும் பொறுப்பு.

செய்ய வேண்டியவை தெளிவானவை.

வாஷிங்டன், தள்ளிய ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தள்ளியவரின் பதவியையும் தகுதியையும் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத இடத்தில் தேர்வை மீட்டுத்தர வேண்டும். மறு சோதனை என்ற சட்டப்புறம்பான வேலையை நிறுத்த வேண்டும். குழுவின் காலி இடங்களைத் தலையாட்டிகளைக் கொண்டு நிரப்பக் கூடாது. பணம் ஒதுக்கும் உரிமை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஒதுக்கிய பணம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்கும் கடமையும் அதற்குத்தான் உண்டு. 11 பேரையும் அழைத்துச் சாட்சியம் வாங்கட்டும். அந்த மறுப்புக் கடிதங்களில் கையெழுத்திட்டவர்களையும் அழைக்கட்டும்.

தில்லி, 2008 ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சம பங்காளியாகக் கேள்வி அனுப்ப வேண்டும். வரும் பதிலை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அமெரிக்கா கைவிடும் ஒவ்வொரு இந்திய நல்கைக்கும் நம் பங்கிலிருந்து அந்த ஆண்டே மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். ஆய்வாளர்களை விமான நிலையத்தில் திருப்பி அனுப்பும் பழக்கத்தை அதற்கு முன்பே விட வேண்டும்.

துணைவேந்தர்கள், நிதி வரி இல்லாத எம்ஓயுவில் கையெழுத்திடக் கூடாது. ஏற்கெனவே இட்டவற்றின் பட்டியலையும் அவற்றின் கீழ் இதுவரை போய்வந்தவர்களின் எண்ணிக்கையையும் ஆட்சிமன்றக் குழுவில் வைக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அந்த எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும். பூஜ்யத்தை எழுதிக் கையெழுத்திடட்டும்.

ஏறத்தாழ 200 பெயர்கள். அந்தப் பட்டியல் வாஷிங்டனில் வெளியுறவுத் துறைக் கோப்பில் இருக்கிறது. பல பெயர்களுக்கு நேராக ஏதோ ஒரு நாட்டில் ஒரு துறைத் தலைவர் கொடுத்த அழைப்புக் கடிதமும் இருக்கிறது. அந்தத் துறைத் தலைவர்களில் எத்தனை பேருக்கு, உங்கள் விருந்தினர் ஏன் வரவில்லை என்று வெளியுறவுத் துறை எழுதியது? முதலில் அந்தக் கடிதங்களை எழுதட்டும்.